நாற்பதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்: அடிபடாமல் தொடர என்ன செய்கிறீர்கள்?

தாராபுரம் வாலிபால்:

வணக்கமுங்க. ஞாயிறு வெடியால எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் ஆடுகிற கூட்டம் எங்களுடையது. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அரிசி மண்டி, எலெக்ட்ரிகல் கடை, வாத்தியார் வேலை என்று வாரம் முழுக்க ஆளுக்கொரு பிழைப்பு. கொஞ்ச நாளாக யாராவது ஒருவர் அடிபட்டு உட்கார்ந்தே இருக்கிறார். ஒருவருக்குத் தோளுக்கு மேல் கை போகவில்லை. இன்னொருவருக்கு முட்டி வீக்கம். போன மாதம் ஒரு அண்ணன் பந்தை எடுக்க முன்னால் பாய்ந்தார். 'யார்றா பின்னால உதைச்சது' என்று திரும்பிப் பார்த்தால் அங்கே யாருமே இல்லை. குதிகால் நரம்பு முழுசாக அறுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார்.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் 'இந்த வயசில் ஆட்டம் எதுக்கு' என்ற பேச்சுதான். எங்களுக்கு விட மனசில்லை. அறுபதிலும் ஆட வேண்டும் என்று ஆசை. அதற்கு வார நாளில் என்ன செய்ய வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கவுண்டம்பாளையம் நடை:

நானும் ரொம்ப காலம் ஷட்டில் ஆடியவன்தான். ஐம்பது ஆனதும் பேட்டை எடுத்து வைத்துவிட்டு நடைக்கு மாறினேன். கோவை ரேஸ்கோர்ஸ் பாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், நல்ல மர நிழல். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை. குதித்து ஆடுவதெல்லாம் வயசுப் பசங்களுக்கு. நடங்கள், போதும்.

ஈரோடு பிசியோ:

தாராபுரத்து அண்ணா, உங்கள் நண்பருக்கு நடந்தது எங்களிடம் அடிக்கடி வருகிற கதை. குதிகால் தசைநாண், அதாவது நீங்கள் நரம்பு என்று சொன்ன, சதையை எலும்போடு இணைக்கும் நார், அறுவது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களிடம்தான் அதிகம். அதிலும் வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு விடுமுறை நாளில் மட்டும் முழு வேகத்தில் ஆடுகிறவர்கள். யாரோ உதைத்தது போல இருந்தது என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த பிறகும் கொஞ்சம் நொண்டி நடக்க முடியும். அதனால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் அடிபட்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைக்கால் சதையை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நரம்பு நன்றாக இருந்தால் பாதம் தானாக அசையும். அசையவில்லையா, அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போய்விட வேண்டும். உருவுகிறவரிடம் போகவே கூடாது.

இனி உங்கள் கேள்வி. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதிலும் முதலில் போவது குதிப்பதற்கும் பாய்வதற்கும் வேண்டிய வேகத் தசை இழைகள். நாம் அதை உணர்வதில்லை. ஏனென்றால் நடப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் அவை தேவையே இல்லை. ஞாயிறு காலை ஸ்மாஷ் அடிக்க எழும்பும்போதுதான் தேவைப்படுகின்றன. கூடவே தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரத்தில் பலமாகிவிடும், தசைநாண் பலமாக மாதக்கணக்கில் ஆகும். தசை தயாராகிவிட்டது என்று துள்ளுகிற மனிதருக்கு அதனால்தான் குதிகாலில் போய் முடிகிறது.

ஆட்டமே உடற்பயிற்சி என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இருபது வயதில் அது சரி. நாற்பதுக்கு மேல் ஆட்டம் என்பது உடம்பில் இருப்பதைச் செலவழிக்கிற இடம். சேர்ப்பது செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் நடக்க வேண்டும். நடை நல்லதுதான் ஐயா, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து மாதிரி. ஆனால் குதித்து இறங்கும்போது குதிகாலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் விழுகிறது. அதைத் தாங்க நடை மட்டும் கற்றுக்கொடுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரம் 150 நிமிட நடையோடு நிற்கவில்லை. இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி, 65க்கு மேல் என்றால் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துத்தான் சொல்கிறது.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். எத்தனை முடிகிறது? இளம் வயதுக்கு 25 என்பது பழைய அளவுகோல். ஐம்பதில் அதைவிடக் குறைவது இயல்பு. ஆனால் ஒரு காலில் இருபதும் மறு காலில் பத்துமாக இருந்தால் அந்தப் பத்துக்கால்தான் உங்களுக்குச் செய்தி சொல்கிறது.

பவானிக்கரை:

தம்பி, நீங்கள் படித்ததைச் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. எனக்கு வயது 68. எங்கள் காலத்தில் கபடி ஆடினோம், ஆற்றில் எதிர்நீச்சல் போட்டோம், நோம்பிக்கு நோம்பி கயிறு இழுத்தோம். வார்ம்-அப் என்ற பேச்சே கிடையாது. யாருக்கும் நரம்பு அறுந்து நான் பார்த்ததில்லை. இப்போது ஷூ, முட்டிப் பட்டை எல்லாம் போட்டுக்கொண்டும் அடிபடுகிறார்களே, ஏன்?

சூலூர் ஷட்டில்:

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. நீங்கள் வாரம் முழுக்கப் பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தீர்கள். எங்கள் அப்பாரு கவலை இறைத்தவர், அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுத்தவர். மாட்டோடு பின்னால் நடந்து, கயிற்றில் ஏறி உட்கார்ந்து, மறுபடி ஏறி வந்து. அப்புறம் மண்வெட்டி, பாத்தி கட்டுவது, நெல் மூட்டை தூக்குவது, சாப்பிடும்போதும் தரையில் சம்மணம். குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தே தொடையும் இடுப்பும் கல்லாக இருந்தன. இன்றைக்குத் தண்ணீருக்கு மோட்டார், உழவுக்கு டிராக்டர், பக்கத்துத் தோட்டத்துக்குப் போக பைக். நான் மெஷின் கடையில் வேலை செய்கிறேன், அங்கேயும் பாரம் தூக்க ஹாய்ஸ்ட் வந்துவிட்டது. உழைப்பு போய்விட்டது, ஆட்ட ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி என்பது அந்தப் பழைய உழைப்பைக் கொஞ்சமாவது திருப்பிக் கொண்டுவருவதுதான்.

வார்ம்-அப் பற்றி: கோர்ட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பலர் செய்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் அதை நீண்ட நேரம் செய்தால் தசையின் விசை கொஞ்சம் குறையும். அசைந்து செய்வதுதான் சரி. மெதுவாகச் சுற்றி ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், முட்டியை உயர்த்தி நடை, லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்கி எழுவது), கையைச் சுழற்றுவது, கடைசியாகச் சின்னச் சின்னக் குதி. பத்து நிமிடம், உடம்பில் வேர்வை துளிர்க்க வேண்டும். மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடவே.

ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஓடுகிற ஷூவோடு கோர்ட்டில் இறங்காதீர்கள். அதன் குதி உயரம், நேராக ஓடத்தான் செய்தது. பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது கணுக்கால் மடங்கிவிடும். தட்டையான ரப்பர் அடி உள்ள கோர்ட் ஷூ வேண்டும். சிமெண்ட் தரையில் தினமும் ஆடாதீர்கள், மரத்தரையோ மேட்டோ உள்ள இடம் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் காசு கூடப் போனாலும் அங்கே போங்கள். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. ஷட்டில் கண்ணில் பட்டுப் பார்வை போனவர்கள் உண்டு.

அவிநாசி அக்கா:

ஏனுங்க, நாங்களும் கேட்கலாமா? எனக்கு 52. பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பொழுதோட எங்கள் ஊரில் வள்ளி கும்மி பழகுகிறோம். அரங்கேற்றம் என்றால் மணிக்கணக்கில், வெறுங்காலில், குனிந்து நிமிர்ந்து, குதித்துக் குதித்து ஆட வேண்டும். இதுவும் ஒரு ஆட்டம்தானே. கும்மி ஆடுகிற இரண்டு மணி நேரமும் என் மனசில் ஒரு பாரமும் இருக்காது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் கொஞ்ச நாளாக முட்டி பிடிக்கிறது. படி இறங்கும்போது வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் 'தேய்மானம், இனி ஆடாதே' என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். உண்மையிலேயே நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

ஈரோடு பிசியோ:

அக்கா, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதும் வலியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. படத்தில் நிறையத் தேய்ந்தவர் வலியில்லாமல் நடப்பார், கொஞ்சம் தேய்ந்தவர் துடிப்பார். முட்டித் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சையாகச் சொல்வது உடற்பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும்தான். முட்டியைச் சும்மா வைத்திருந்தால் தொடைச் சதை சூம்பும், சூம்பினால் முட்டிக்குப் பாரம் கூடும், வலியும் கூடும்.

நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து அதைவிட மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, மூன்று தடவை. சுலபமாகிவிட்டால் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், பிறகு ஐந்து கிலோ. படுத்தபடி முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவதும் சேரட்டும். செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வலி கூடியே நின்றாலோ வீங்கினாலோ அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். கும்மியில் இப்போதைக்குக் குதியை மட்டும் குறைத்து அடவை நடையாக வைத்துக்கொள்ளலாம். சிமெண்ட் சாலையில் பழகாமல் மண் தரையில் பழகுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். பாரம் தூக்குவதும் காலை ஊன்றிக் குதிப்பதும்தான் எலும்பைப் பிடித்து வைக்கும். கும்மியை விட்டு உட்கார்ந்தால் அதுவும் போகும்.

காரமடை வாசகன்:

அக்கா கும்மியை விடாதீங்க. எங்கள் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ பெற்றபோது வயது 87. கோவை நானம்மாள் பாட்டி 2018இல் யோகாவுக்காக அதே விருதை வாங்கியபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார், கடைசி வரை சொல்லிக்கொடுத்தார். நம் மண்ணிலேயே இவ்வளவு பேர் இருக்க, ஐம்பதில் எதற்கு நிறுத்த வேண்டும்?

அவிநாசி அக்கா:

ரொம்ப நன்றிங்க தம்பி. நாற்காலிப் பயிற்சியை மெஷினுக்குப் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம் போல இருக்கிறது. சாப்பாட்டிலும் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஈரோடு பிசியோ:

கட்டாயம். பலம் கூட்டுகிற பயிற்சி செய்துவிட்டுப் புரதம் சாப்பிடாவிட்டால் பாதிப் பலன்தான். ஐம்பதைத் தாண்டிய, சிறுநீரகக் கோளாறு இல்லாத ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை தினமும் வேண்டும். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். நம் வீடுகளில் காலையில் இட்லி, மதியம் சோறு ரசம், இரவு தோசை என்று போனால் இந்த அளவு வருவது கடினம். நாமக்கல்லிலிருந்து ஊருக்கெல்லாம் முட்டை போகிறது, ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம். கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயிறு, பச்சைப்பயிறு, நிலக்கடலை எல்லாம் நம் அடுப்படியில் இருப்பவைதான். அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறையுங்கள், ஒரு டம்ளர் தயிர் சேருங்கள். ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது.

பூண்டி அடிவாரம்:

கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலையேற்றம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிப்ரவரி வந்தால் நம் பக்கத்தில் வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஏழாம் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு பருவத்திலாவது மலையில் மூச்சடைத்து ஒருவர் இறந்தார் என்ற செய்தி இல்லாமல் இருப்பதில்லை. இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. கூட்டத்தோடு வந்துவிட்டோம், பாதியில் எப்படித் திரும்புவது என்ற வெட்கத்தில்தான் பலர் ஏறுகிறார்கள். சாமி எங்கேயும் போய்விடாது, திரும்பி வாருங்கள். அடுத்த வருடம் ஏறலாம்.

முட்டிக்கு ஆபத்து ஏறும்போது அல்ல, இறங்கும்போது. தொடைச் சதை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருப்பதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை இறங்கும்போது முன்னால் ஊன்றிச் சின்ன அடியாக வையுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே படி ஏறி இறங்கிப் பழகுங்கள். ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னிமலையின் 1320 படிகளைவிட நல்ல பயிற்சி இடம் கிடையாது. கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது.

கோபி டாக்டர்:

மருத்துவராக நான்கு விஷயம் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு, கண் இருட்டல் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். 'வாய்வுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108. சர்க்கரை, பிரஷர், புகைப் பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் வேகமான ஆட்டம் தொடங்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

ஆடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும். கரூர், ஈரோட்டுப் பங்குனி சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது இது இன்னும் மோசம். வலி என்பது எச்சரிக்கை, அதை அமுக்கிவிட்டு ஆடினால் கிழிவது தெரியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகச் செய்யக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இலேயே மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்க வைத்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ இவற்றைச் சாப்பிட்டிருந்தால் கொஞ்ச வாரம் குதிக்கிற ஆட்டம் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம் வரும். வாலிபால் நண்பருக்குக் கை மேலே போகவில்லை என்றீர்களே, அவருக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் ஆடவே கூடாது.

காங்கேயம் ரைடர்:

கபடியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? பொங்கல் நோம்பிக்குப் பெங்களூர், சென்னையிலிருந்து ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கும். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் பழைய நினைப்பில் ரைடு போவார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு நாள். யாராவது ஒருவரை முட்டி ஜவ்வு கிழிந்து தூக்கிக்கொண்டு போகாத நோம்பி இல்லை. என் கருத்து, நாற்பத்தைந்துக்கு மேல் கபடிக் களத்தில் இறங்கவே கூடாது என்று ஊரில் முடிவு எடுக்க வேண்டும்.

சூலூர் ஷட்டில்:

வயதை வைத்துத் தடுப்பதை நான் ஏற்கவில்லை. வருடம் முழுக்கப் பழகுகிற 48 வயதுக்காரரைவிட, பழகாத 30 வயதுக்காரருக்குத்தான் ஆபத்து. நோம்பிக்கு இரண்டு மாதம் முன்பே ஊர்ப் பசங்களோடு பழகியவர்கள் மட்டும் இறங்கட்டும்.

காங்கேயம் ரைடர்:

நீங்கள் சொல்வது சரி, ஆனால் வெளியூர்க்காரர் எங்கே வந்து பழகுவார்? அவரை ஆட வேண்டாம் என்று யார் சொல்வது? பங்காளி சண்டை வந்துவிடும். விதி என்று இருந்தால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இதில் நான் மாறுவதாக இல்லை.

பவானிக்கரை:

கவலை இறைத்ததைச் சொன்னீர்களே தம்பி, நான் அப்படி யோசித்ததே இல்லை. என் மகனுக்கு 42, ஞாயிறு கிரிக்கெட் ஆடுகிறான். அவனை இதைப் படிக்கச் சொல்கிறேன்.

தாராபுரம் வாலிபால்:

எல்லோருக்கும் நன்றிங்க. தோள் வலி நண்பருக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டேன். செவ்வாய், வெள்ளி பொழுதோட மண்டி வாசலிலேயே சேர்ந்து பயிற்சி செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். பிசியோ தம்பி, குதிகாலுக்கு என்ன செய்வது என்று இன்னும் விவரமாகச் சொல்லுங்கள். அப்புறம் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, எப்போது திரும்ப ஆட வரலாம்?

ஈரோடு பிசியோ:

படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள், பிடிமானம் இருக்கட்டும். இரண்டு காலாலும் மேலே எழும்பி, ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றி, குதிகால் படிக்குக் கீழே போகும் வரை மெதுவாக இறக்குங்கள். முட்டியை நேராக வைத்து 15, லேசாக மடக்கி 15, ஒவ்வொன்றும் மூன்று தடவை. 1998இல் ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் குதிகால் நரம்பு வலிக்கு 12 வாரம் தினம் இரண்டு வேளை கொடுத்த பயிற்சி இது. வலி இல்லாத உங்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் போதும். முதல் மாதம் தரையிலேயே இரண்டு காலில் செய்துவிட்டு அப்புறம் படிக்குப் போங்கள்.

கெண்டைக்கால் பிடித்தவருக்கு நாளை எண்ணிச் சொல்ல முடியாது. வலியில்லாமல் வேகமாக நடக்க வேண்டும். ஒற்றைக் கால் குதிகால் தூக்கல் நல்ல காலில் வருகிற அளவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். பிறகு மெது ஓட்டம், பிறகு ஒற்றைக் காலில் குதி. இவை நான்கும் வலியில்லாமல் வந்தால் ஒரே ஒரு செட் ஆடட்டும், நெட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், பின்வரிசையில். சதை கறுத்திருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ அது வெறும் பிடிப்பு அல்ல, ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அதை உருவாமல் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.